ஒரே கப்பலில் பயணிப்போர்: கடைவீதிக் குப்பையும் நம் பொறுப்பும்

 



நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி அது. ஒரு கப்பலில் ஏறியவர்கள் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். சிலருக்கு மேல்தளம் கிடைக்கிறது. சிலருக்குக் கீழ்தளம் கிடைக்கிறது. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொல்லை கொடுக்க வேண்டும், நம் பங்கில் ஒரு துளை போட்டுக் கொள்வோமே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்தும் வாளாவிருந்தால் இரு சாராரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் இரு சாராரும் பிழைப்பர்.

இந்த உவமையில் ஒன்றைக் கவனியுங்கள். துளை போட நினைத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் துளை போட முனைந்தார்கள். அவர்களுடைய பிழை ஒன்றே ஒன்றுதான்: இடம் பிரிந்திருக்கலாம், ஆனால் அடியில் இருக்கும் நீர் ஒன்று என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

காட்டூர் மக்களுக்கும், பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களின் மக்களுக்கும் படகைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் பத்துக் கடைகள் இருக்கும் வணிக வளாகமும் ஒரு படகுதான். ஒரே சுவரைப் பகிரும் வரிசை வீடுகளும், நம் பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்று குடியிருக்கும் சென்னை அடுக்குமாடிகளும் படகுகள்தாம். இவற்றில் தினமும் போடப்படும் துளையைப் பற்றித்தான் இந்த ஜும்ஆவில் சிந்திக்க இருக்கிறோம். அந்தத் துளையின் பெயர், பிரிக்காமல் கொட்டப்படும் குப்பை.

ஏரிக்கு வந்து சேரும் கணக்கு

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணி ஆறு பொன்னேரியைக் கடந்து வந்து இதில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் சென்னையின் வடபுறத்தை இந்த ஏரியோடு இணைக்கிறது. ஆகவே, ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் எவர் எதை வீசினாலும், மழைக்காலத்தில் அதன் ஒரு பகுதி நம் ஏரிக்கு வந்து சேர்கிறது. இறாலையும் நண்டையும் மடவையையும் எதிர்பார்த்து வலையை இழுக்கும் மீனவரின் கையில் பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களும் சிக்குகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க ஆகும் நேரம் அவருடைய நேரம். கிழிந்த வலை அவருடைய பணம்.

பிளாஸ்டிக் மக்கி மண்ணாவதில்லை. வெயிலிலும் உப்புநீரிலும் நைந்து சிறு சிறு துணுக்குகளாக உடைகிறது. மீன் கட்டி அனுப்பும் தெர்மாகோல் பெட்டி உடைந்தால் வெள்ளை மணிகளாக நீரில் மிதக்கிறது. மீனும் பறவையும் அதை இரையென்று விழுங்குகின்றன. நாம் வீசியது நம் தட்டுக்கே திரும்பி வர வழியுண்டு என்பதை அறிந்து கொள்ளுங்கள்.

இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது? வீடுகளிலிருந்தும் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே வகைப் பொருள் ஒரே இடத்தில் குவிவது கடைகளிலும், உணவகங்களிலும், திருமண மண்டபங்களிலும், மீன் ஏலக் கூடங்களிலும், பலர் சேர்ந்து வாழும் குடியிருப்புகளிலும்தான். இதனால்தான் 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனங்களையும் வளாகங்களையும் தனியே பிரித்து, அவற்றுக்குத் தனிப் பொறுப்பை விதித்தன. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய விதிகள், குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, அணையாடை போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து போன்ற தனிக்கவனம் தேவைப்படும் கழிவு.

எங்கள் கடையில் நூறு கிலோ சேராதே என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரே வரிசையில் இருக்கும் பிரியாணிக் கடை, மளிகைக் கடை, பழக்கடை, தேநீர்க் கடை, மருந்துக் கடை ஆகியவற்றின் குப்பையை ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். கணக்கு வேறு விதமாக இருக்கும்.

இது நமக்குத் தெரியாத வேலையா?

மறுசுழற்சி என்றவுடன் ஏதோ மேலைநாட்டுத் திட்டம், பெரிய இயந்திரங்கள் தேவைப்படும் திட்டம் என்று சிலர் எண்ணுகிறார்கள். சகோதரர்களே, நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் இதைத் திறம்படச் செய்து வந்திருக்கின்றன. பக்ரீத் பெருநாளன்று குர்பானித் தோல்கள் எப்படிச் சேகரிக்கப்படுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

தோல் எவரிடம் போக வேண்டும் என்பது பெருநாளுக்கு முன்பே பேசி முடிக்கப்படுகிறது. இறைச்சியோடும் குடலோடும் கலக்காமல் ஒவ்வொரு வீட்டாரும் தோலைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். இளைஞர்கள் வண்டியில் வந்து அன்றே எடுத்துச் செல்கிறார்கள். உப்பிட்டுப் பதப்படுத்துகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களின் தோல் பதனிடும் தொழிலுக்கு அது மூலப்பொருளாகிறது. கிடைத்த பணம் மதரஸாவுக்கோ ஏழைகளுக்கோ போகிறது. கணக்கு ஜமாஅத்தில் வாசிக்கப்படுகிறது. தோலின் விலை அண்மைக் காலங்களில் வெகுவாகச் சரிந்துவிட்டது என்பது வேறு செய்தி. ஆனால் முறை என்னவோ அதேதான்: வாங்குபவர் முன்கூட்டியே உறுதியாக வேண்டும், தோன்றும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், கெடுவதற்கு முன் எடுக்க வேண்டும், கணக்குத் திறந்திருக்க வேண்டும். இந்த நான்கும்தான் உலகில் நடக்கும் எந்த மறுசுழற்சித் திட்டத்திற்கும் அடித்தளம்.

இதற்கு நபிவழியிலேயே சான்று இருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த பிராணி என்று தோழர்கள் சொன்னபோது, உண்பதுதான் தடை என்று விளக்கினார்கள். உண்ண ஆகாத ஒன்றும் வீணாக வேண்டியதில்லை என்னும் பார்வை அதில் இருக்கிறது அல்லவா?

பழைய இரும்பும் தகரமும் வாங்கும் கடையைத் தமிழகம் முழுவதும் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்று சொல்வர். கழித்த பொருளுக்கு விலை உண்டு என்பதை ஊருக்குச் சொன்ன சமுதாயம், தன் கடைவீதியில் அதைக் குவித்து எரிப்பது முறையாகுமா?

ஏன் தோற்றுப் போகிறது?

தனி வீட்டில் குப்பையைப் பிரிப்பது எளிது. பலர் பகிரும் இடத்தில்தான் சிக்கல். காரணம், பொதுத் தொட்டியில் போட்டவர் யாரென்று தெரிவதில்லை. ஒன்பது கடைக்காரர்கள் அட்டைப் பெட்டிகளை மடித்து வைத்தாலும், பத்தாமவர் மிஞ்சிய குழம்பை அதன்மேல் கொட்டினால் அத்தனை அட்டையும் வீண். ஒரு மணி நேரத்துக்கு முன் விலை போகும் பொருளாக இருந்தது, இப்போது நாற்றமெடுக்கும் சுமை. உப்பிடாமல் விட்ட தோலைப் போன்றதே இது.

கட்டட உரிமையாளர், வாடகைக்கு இருப்பவர்களைக் குறை சொல்கிறார். வாடகைக்கு இருப்பவர், வாடகை கொடுக்கிறேனே, குப்பை என் வேலையா என்கிறார். இருவரும் சேர்ந்து ஊராட்சியைக் குறை சொல்கிறார்கள். ஃபர்ளு கிஃபாயா என்னும் கடமையை நாம் அறிவோம். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதிருந்தும் பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஜனாஸாவை அடக்கம் செய்வதற்கு இது அடுத்த வீட்டார் வேலை என்று நாம் காத்திருப்பதில்லை. வளாகத்தின் தூய்மையையும் அதே மனநிலையோடு அணுகினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொரு வாதமும் உண்டு. நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே என்பார்கள். பல ஊர்களில் இது உண்மையே. அதற்கு விடை பிரிப்பதைக் கைவிடுவது அன்று. விலை போகும் உலர்ந்த பொருளை அந்த வண்டிக்கே அனுப்பாமல் நேராக வாங்குபவரிடம் சேர்ப்பதே விடை.

எப்படித் தொடங்குவது?

முதலில், ஒரு வாரம் எடை போடுங்கள். ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு மாடியிலும் என்ன சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மளிகைக் கடையில் அட்டையும் சாக்கும் மிகுதி. உணவகத்தில் ஈரக் கழிவும் எண்ணெயும் மிகுதி. குடியிருப்பில் பால் கவரும் செய்தித்தாளும் அணையாடையும் மிகுதி. நோயை அறியாமல் மருந்து கொடுக்கலாகாது.

இரண்டாவதாக, தொட்டி வாங்குவதற்கு முன் வாங்குபவரைத் தேடுங்கள். பழைய பேப்பர் கடைக்காரரிடமோ காயலான் கடைக்காரரிடமோ பேசுங்கள். எதை எடுப்பார், எந்த நிலையில் எடுப்பார், வாரத்தில் எந்த நாள் வருவார் என்று தெளிவாகக் கேளுங்கள். அவர் எடுக்காத பொருளை அவருக்கென்று சேர்ப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, தொட்டிகளை எப்போதும் பக்கத்துப் பக்கமாக வையுங்கள். ஈரக் குப்பைத் தொட்டி வாசலிலும், உலர்ந்த குப்பைத் தொட்டி கொல்லையிலும் இருந்தால் மனிதர் அருகில் உள்ளதில்தான் போடுவர். எழுத்து மட்டும் போதாது. எது எதில் போக வேண்டும் என்பதைப் படமாக ஒட்டுங்கள். வெளிமாநிலத்துப் பணியாளர்களுக்கும் சிறுவர்களுக்கும் அது புரியும்.

நான்காவதாக, பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பில்லை. மாதம் ஒரு கடைக்காரர் என்று முறை வைத்துக் கொள்ளலாம்.

ஐந்தாவதாக, வாடகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மின்கட்டணம் யார் கட்டுவது என்று எழுதும்போது, குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். புதிதாகக் குடிவருபவருக்குச் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பின்னர் மனக்கசப்பு வராது.

ஆறாவதாக, விற்ற கணக்கை மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டுங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் நம்பிக்கை அதில்தான் வளரும்.

பொருள்தோறும் சில குறிப்புகள்: பால் கவரை ஒரு துளி நீரில் அலசி உலர்த்தினால் எடுப்பார்கள், பால் ஒட்டியிருந்தால் நாறும். தண்ணீர் பாட்டில்களை நசுக்கி வைத்தால் இடம் மிச்சமாகும். அவை பாலியஸ்டர் நூலாகக்கூட மாறுகின்றன. பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலிவு விலைக்கு இன்னொரு கடைக்கு விற்பதோ உண்பவருக்குச் செய்யும் தீங்கு. அதைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. தெர்மாகோல் எடையற்றது, அதனால் வாங்குவோர் அரிது. ஆகவே கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாறுவதே மீன் வியாபாரிகளுக்கு நல்வழி. பழைய வலைகளை எரிக்காதீர்கள், ஏரியில் விடாதீர்கள். அறுந்து கிடக்கும் நைலான் வலை ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். பழைய வலைகளை எடைக்கு விலை கொடுத்து வாங்கும் அரசுத் திட்டம் ஒன்று சென்னை காசிமேட்டில் 2024-இல் தொடங்கப்பட்டது.

செய்து காட்டியவர்கள்

1989-இல் சென்னையில் எம்.பி. நிர்மல் அவர்கள் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவாசிகளே மாதந்தோறும் சிறு தொகை போட்டு, குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களைத் தெருவின் பணியாளர்களாக அமர்த்திக் கொள்ளும் முறையைப் பரப்பியது. அவர்களுக்குத் தெரு அழகர் என்று பெயரும் சூட்டியது. பெங்களூரில் இரண்டு தொட்டி, ஒரு பை என்னும் முறையை 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றமே கட்டாயமாக்கியது.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. கொல்லம் மாவட்டத்தின் சக்திகுளங்கரை மீன்பிடித் துறைமுகத்தில் 2017-இல் ஒரு திட்டம் தொடங்கியது. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் மீண்டும் கடலில் எறியாமல் பைகளில் கரைக்குக் கொண்டு வந்தார்கள். கரையில் பெண்கள் அதைக் கழுவி, தரம் பிரித்தார்கள். துண்டாக்கப்பட்ட பிளாஸ்டிக் தார்ச்சாலை போடப் பயன்பட்டது. பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்க்கும் அந்த நுட்பத்தை உருவாக்கியவர் நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அவர்கள், 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். கடலில் சென்று பிழைப்பவர்கள் கரையில் இருப்பவர்களின் குப்பையைச் சுமந்து வந்தார்கள் என்றால், கரையில் இருக்கும் நாம் நம் குப்பையைப் பிரித்து வைக்கக்கூடாதா?

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். மறுசுழற்சி கடைசிப் படி. முதற்படி, குப்பையை உண்டாக்காமல் இருப்பது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அத்தடையில் அடங்கும். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. பழவேற்காட்டில் நம் சகோதரிகள் பனையோலையில் பின்னும் கூடைகளும் பெட்டிகளும் வெளியூர்வரை பெயர் பெற்றவை. அந்தக் கைத்திறன் இருக்கும் மண்ணில் பிளாஸ்டிக் பை இல்லாமல் கடை நடத்த முடியாது என்று சொல்வது வியப்பல்லவா?

கைகளை மதியுங்கள்

நாம் பிரிக்காவிட்டால் குப்பை பிரியாமல் இருந்துவிடாது. நமக்குப் பதிலாக இன்னொருவர் தம் கையால் பிரிப்பார். நாம் அழுகிய சோற்றோடு கலந்து போட்ட உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் தங்கள் விரல்களால் துழாவி எடுக்கிறார்கள். அவர்கள் கையில் படும் காயத்தில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த ஒரு பெண்மணி இறந்துபோனார். அவரைப் பெரிதாக எண்ணாத மக்கள், நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாத நபியவர்கள் விசாரித்தறிந்து, எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய மண்ணறைக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். துடைப்பம் பிடித்த கையை நபியவர்கள் எவ்வளவு உயர்த்தினார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஆகவே உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி எழுதி வையுங்கள். அணையாடைகளைத் தனியே மடித்துக் கொடுங்கள். வளாகத்தில் வேலை செய்பவருக்குக் கையுறையும் காலணியும் வாங்கித் தாருங்கள். உலர்ந்த பொருள் விற்ற பணத்தில் முதல் பங்கு அவருக்கு என்று முடிவு செய்யுங்கள். அவருடைய கூலி வியர்வை உலருமுன் அவர் கைக்குச் சேரட்டும்.

நம்மிடமிருந்தே தொடங்கட்டும்

பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃபுக் கடைகள் எங்கெல்லாம் உள்ளனவோ, அங்கெல்லாம் நிர்வாகிகள் இதை முதலில் தொடங்கலாம். வக்ஃபுச் சொத்து அல்லாஹ்வின் பெயரால் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் பின்சுவரில் குப்பை எரியும் புகை எழும்போது, முன்வாசலில் மக்கள் தொழுகைக்கு வருவது பொருந்தாது. வலீமா நடக்கும் மண்டபங்களில் இலையையும் பாட்டிலையும் தனித்தனியே சேர்க்க இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். ரமளானில் நோன்புக் கஞ்சியைச் சூடாகப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தராமல், தூக்குச்சட்டி கொண்டு வருவோருக்கே தருவோம் என்று ஜமாஅத் அறிவிக்கட்டும். நம் பாட்டிமார்கள் அப்படித்தான் வாங்கிச் சென்றார்கள்.

சகோதரிகளே! வீட்டில் பிரிக்கும் பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துப் பழகுவது சமையலறையில்தான். கடையில் அமரும் ஆண்கள் அதை வீட்டிலிருந்து கற்றுச் செல்லட்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பிறர் போட்டதை அகற்றுவதே ஈமானின் அடையாளம் என்றால், நாமே கொண்டுபோய்ப் போடுவது எதன் அடையாளம்?

அடுத்த ஜும்ஆ வருவதற்குள் ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள். உங்கள் கடை வரிசையிலோ, குடியிருப்பிலோ உள்ளவர்களை அஸருக்குப் பின் ஒரு கால் மணி நேரம் ஒன்றுகூட்டுங்கள். ஒரு தராசையும் ஒரு நோட்டையும் நடுவில் வையுங்கள். எடை போடும் வாரத்தை அன்றே தொடங்குங்கள். எஞ்சியது அதன்பின் தானே நடக்கும்.

வல்ல அல்லாஹ், நம் நீரையும் நிலத்தையும் பேணும் பொறுப்பை உணர்ந்தவர்களாக நம்மை ஆக்குவானாக! அதில் உழைக்கும் கைகளுக்கு ஆரோக்கியத்தையும், ஏரியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு விசாலமான ரிஸ்க்கையும் வழங்குவானாக! ஆமீன்.